வால் எங்கே தொடங்குகிறது? உயர்தர வகுப்பொன்றின் பொறிமுறைப் படங்களைத் திரும்ப வரைந்த நிகழ்வு ஆய்வு

விளைவு சரி. 2-புரோமோபுரொப்பேன் என்று மாணவி தெளிவாக எழுதியிருந்தாள். இடையில் உருவாகும் காபோகற்றயனும், அதாவது நேரேற்றமுள்ள காபன் அயனும், சரி. நேரேற்றம் நடுக் காபனில்தான் இருந்தது. ஆனால் முதற்படியில் அவள் போட்ட வளைந்த அம்பு ஐதரசனிலிருந்து புறப்பட்டு இரட்டைப் பிணைப்பில் போய் நின்றது. புரொப்பீன், ஐதரசன் புரோமைட்டுடன் தாக்கமடையும் பொறிமுறையை, அதாவது அது படிப்படியாக நடக்கும் விதத்தை, எழுதச் சொன்ன மீட்டல் தாள் அது. வளைந்த அம்பு இலத்திரன்கள் நகரும் திசையைக் காட்டுவது; இங்கே அது இரட்டைப் பிணைப்பிலிருந்து ஐதரசனுக்குப் போயிருக்க வேண்டும். தலைகீழான அம்புக்கு நான் புள்ளி கொடுப்பதில்லை. கோடு இழுத்துவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். அதிலும் அதே அம்பு. முதல் தாள் கிண்ணியாவிலிருந்து வரும் மாணவியுடையது, இரண்டாவது நிலாவெளிப் பையனுடையது. ஆளுக்கொரு மூலையில் இருப்பவர்கள், பார்த்தெழுத வழியில்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏன் மகள் அம்பை இப்பிடிப் போட்டீங்க?"

"ஐதரசன் இலத்திரன்நாடிதானே டீச்சர். இலத்திரனை நாடிப் போறது அதுதானே?"

பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. அவள் சொன்னதில் தமிழ்ப் பிழை எதுவும் இல்லை. நாடுவது என்றால் தேடிப் போவதுதான். நோயாளி வைத்தியரை நாடிப் போகிறார். வைத்தியர் நோயாளியை நாடி வருவதில்லை. இலத்திரனை நாடுவது ஐதரசன் என்று நானே கற்பித்துவிட்டு, அம்பை மட்டும் எதிர்த்திசையில் போடச் சொல்லியிருக்கிறேன். சொல் ஒரு பக்கம் இழுக்க, படம் மறுபக்கம் இழுத்திருக்கிறது.

பிறகு அவள் என்னுடைய டியூட்டை, வகுப்பில் நான் கொடுக்கும் அச்சிட்ட பாடக்குறிப்பை, எடுத்துக் காட்டினாள். அந்தப் பக்கத்தை ஒரு மாணவியின் கண்ணோடு நான் பார்த்தது அன்றுதான். அம்பின் வால் இரட்டைப் பிணைப்பைத் தொடவில்லை. பிணைப்புக்கும் ஐதரசனுக்கும் நடுவே வெற்றிடத்தில் அது தொடங்கியிருந்தது. பிரதிக்குப் பிரதி எடுத்ததில் அம்பின் தலை மையில் ஊறிக் கறுப்புப் பொட்டாகிவிட, எது தலை எது வால் என்று பிரிக்க முடியவில்லை. என் படம் எந்தத் திசையையும் சொல்லவில்லை. சொல்லாத திசையை அவள் இலத்திரன்நாடி என்ற சொல்லிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து இரண்டு தவணைகள், சேதன இரசாயன டியூட்டில் இருந்த ஒவ்வொரு பொறிமுறைப் படத்தையும் திரும்ப வரைந்தேன். அந்த வேலையில் எது ஏன் மாறியது, எது சரிவரவில்லை என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வகுப்பும் டியூட்டும்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு வகுப்பு. உப்புவெளி, நிலாவெளி, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று பல பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்படும்வரை பாதை எனும் மிதவைப் படகில் ஏறிக் கடந்து வந்து படித்தவர்களின் தம்பி தங்கைகளும் இவர்களில் இருக்கிறார்கள். இப்போது பஸ்ஸில் இருந்தபடியே டியூட்டைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு வருகிறார்கள். இந்த விபரம் படத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. என் படங்கள் ஒருபோதும் நான் வரைந்த நிலையில் மாணவரைச் சென்றடைவதில்லை. கணினியில் வரைந்ததை ரிசோ என்ற பிரதியெடுக்கும் இயந்திரத்தில் கறுப்பு மையில் அடிக்கிறோம். வகுப்புக்கு வராதவர் அதைப் போட்டோக்கொப்பி எடுக்கிறார். இன்னொருவர் அந்தக் கொப்பியைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் போடுகிறார். மூன்று கை மாறியும் பொருள் மாறாத படம்தான் எங்களுக்கு வேண்டும்.

பழைய டியூட்டை நான் சொற்செயலியில் தயாரித்தேன். அமைப்புகளைத் தட்டச்செழுத்தால் எழுதி, அம்புகளை அதிலுள்ள வடிவங்களிலிருந்து இழுத்து வைத்தேன். ஒரு வரி கூடினால் எழுத்து கீழே நகரும், அம்பு நகராது. வால் வெற்றிடத்துக்குப் போனது அப்படித்தான். தமிழ்க் குறிப்புகளை, யுனிக்கோட் அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். எங்கள் கணினியில் அழகாகத் தெரிந்த "படி 1", வேறொரு கைபேசியில் திறந்ததும் பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியலாகியது. பல பிள்ளைகள் குறிப்பே இல்லாத படத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

அம்பு சொல்வது

1916இல் ஜி. என். லூயிஸ், இரு அணுக்கள் பங்கிட்டுக்கொள்ளும் ஓர் இலத்திரன் சோடியே பங்கீட்டுவலுப் பிணைப்பு என்றார். பொறிமுறையில் நாம் போடும் வளைந்த அம்புக்கு அந்தச் சோடிதான் அடிப்படை. 1922இல் வில்லியம் கேர்மாக்கும் ரொபேட் ரொபின்சனும் இலத்திரன்களின் இடப்பெயர்வைக் காட்ட வளைந்த அம்பைக் கையாண்டார்கள். ரொபின்சனுக்கு 1947இல் நோபல் பரிசு கிடைத்தது. கருநாடி (இலத்திரன் சோடியைக் கொடுப்பது), இலத்திரன்நாடி (அதை ஏற்பது) என்று நாம் தமிழாக்கியிருக்கும் சொற்களை 1933இல் அறிமுகப்படுத்தியவர் கிறிஸ்தோபர் இங்கோல்ட். அம்பு முதலில் வந்தது, இந்தச் சொற்கள் பத்தாண்டு கழித்து வந்தன. அம்பு காட்டுவது இலத்திரனின் நகர்வை. நாடி என்ற பெயர் சொல்வது ஒரு துணிக்கையின் இயல்பை. இரண்டும் ஒன்றல்ல என்பதை நான் வகுப்பில் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

முழுத்தலை அம்பு ஒன்று ஒரு சோடியை நகர்த்துகிறது. அதன் வால் இரண்டே இடங்களில் தொடங்கலாம்: தனிச்சோடியில் (பிணைப்பில் சேராத இலத்திரன் சோடியில்) அல்லது பிணைப்பில். தலை ஓர் அணுவில் முடியும், அல்லது புதுப் பிணைப்பு உருவாகும் இடத்தில் முடியும். ஏற்றக் குறியிலிருந்து அம்பு புறப்படுவதைச் சில நூல்கள் ஏற்கின்றன. மறையேற்றம் தனிச்சோடியைக் குறிக்கும்போது அதில் குற்றமில்லை. ஆனால் கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு அந்தச் சலுகையைக் கொடுத்தால், நேரேற்றத்திலிருந்தும் அம்பு புறப்படலாம் என்று எடுத்துக்கொள்ளும். என் வகுப்பில் அதை நிறுத்திவிட்டேன்.

வாலுக்கு இடம் இரண்டுதான் என்றால், அந்த இரண்டும் படத்தில் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பழைய படங்களை இந்த ஒரு கேள்வியோடு எடுத்துப் பார்த்தேன். கறுப்பு மை காட்டிக்கொடுக்காத பிழைகளெல்லாம் வெளியே வந்தன.

நீர் தாக்கும் இடத்தில் ஒட்சிசனின் தனிச்சோடிகளை நான் வரையவில்லை. அம்பு ஒட்சிசன் எழுத்தின் ஏதோ ஒரு மூலையில் தொடங்கியிருந்தது. கிரினாட் சோதனைப்பொருளை ஒரே தொடராகத் தட்டச்சிட்டிருந்தேன். காபனுக்கும் மக்னீசியத்துக்கும் இடையிலான பிணைப்பில் தொடங்க வேண்டிய அம்புக்கு அங்கே கோடே இல்லை; எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் சிலர் மக்னீசியத்திலிருந்து அம்பைத் தொடங்கியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பென்சீனின் நைத்திரோவேற்றத்தில் (வளையத்தில் நைத்திரோக் கூட்டம் சேரும் தாக்கத்தில்) கடைசிப் படியில் புரோத்தன், அதாவது ஐதரசன் அயன், வெளியேறும் காபனில் ஐதரசனைக் காட்டவேயில்லை. வளையத்தின் மூலையில் ஐதரசன் இருப்பது எழுதாமலே விளங்கும் என்ற வழக்கம் வரைவதற்கு வசதியானது, ஆனால் அந்த ஐதரசனைப் பிடித்திருக்கும் பிணைப்புத்தான் வளையத்துக்குத் திரும்புகிறது. மறைந்திருக்கும் கோட்டிலிருந்து அம்பு தொடங்க முடியாது.

வளையத்துக்குள் போடும் வட்டமும் அப்படியே. பென்சீனின் இரட்டைப் பிணைப்புகளுக்குரிய ஆறு பை இலத்திரன்களும் பரவியிருப்பதை வட்டம் நன்றாகச் சொல்லும். ஆனால் ஒரு சோடி புறப்படும் இடம் வட்டத்தில் இல்லை. பொறிமுறை எழுதும்போது மட்டும் மாறி மாறி வரும் இரட்டைப் பிணைப்புகளோடு வரைவது என்று முடிவெடுத்தேன். நைத்திரோனியம் அயன் சேர்ந்தபின் வரும் இடைநிலையை முற்றுப்பெறாத வட்டத்தால் காட்டும் வழக்கமும் உண்டு. அதில் திறந்த வாய், நைத்திரோக் கூட்டமும் ஐதரசனும் ஒன்றாக இருக்கும் காபனைப் பார்த்திருக்க வேண்டும். என் பழைய படத்தில் அது பக்கத்துக் காபனைப் பார்த்திருந்தது. பல ஆண்டுகள் அந்தப் பக்கத்தை அப்படியே அச்சிட்டிருக்கிறேன் என்பது மனதை உறுத்துகிறது.

இன்னொன்று. "இடைநிலை", "மெதுவான படி" போன்ற குறிப்புகளை உரிய இடத்தோடு சேர்க்கவும் அம்புதான் போட்டிருந்தேன். ஒரே பக்கத்தில் தாக்க அம்பு, சமநிலை அம்பு, பரிவைக் காட்டும் இருதலை அம்பு, இலத்திரன் அம்பு, அவற்றோடு "இதைப் பார்" என்று காட்டும் அம்பு. கடைசியாகச் சொன்னதற்கு இரசாயனத்தில் ஒரு பொருளும் கிடையாது. புதிய டியூட்டில் குறிப்புக்கு அம்பு கிடையாது. சொல்லை உரிய இடத்துக்குக் கீழேயே எழுதினால் போதும்.

புரொப்பீன் படம்

எல்லாப் படங்களையும்விட அதிக நாட்கள் இதற்குத்தான் செலவானது. முழுதாகச் சொல்கிறேன்.

பழைய படத்தில் ஐதரசன் அயன் தனியாக, நேரேற்றத்தோடு மிதந்தது. இடத்தை மிச்சம்பிடிக்கச் செய்தது. புதியதில் ஐதரசன் புரோமைட்டை முழு மூலக்கூறாக, நடுவில் பிணைப்புக் கோட்டுடன், புரோமீனில் மூன்று தனிச்சோடிகளுடன் வரைந்தேன். அப்போது முதற்படியில் இரண்டு அம்புகள் தேவையாகின்றன: பைப் பிணைப்பிலிருந்து (இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது பிணைப்பிலிருந்து) ஐதரசனுக்கு ஒன்று, ஐதரசன்–புரோமீன் பிணைப்பிலிருந்து புரோமீனுக்கு ஒன்று. இரண்டாவது அம்பு இல்லாவிட்டால் ஐதரசனைச் சுற்றி நான்கு இலத்திரன்கள் வந்துவிடும். ஒரு பிணைப்பு உருவாக இன்னொன்று முறிகிறது என்பதை இந்த இரண்டு அம்புகளும் சேர்ந்துதான் சொல்கின்றன. இரண்டாம் படியில் புரோமைட்டு அயனின் தனிச்சோடி ஒன்றிலிருந்து நேரேற்றக் காபனுக்கு ஓர் அம்பு. ஆக மூன்று.

சிக்கல் முதல் அம்பில் இருந்தது. இரட்டைப் பிணைப்பின் நடுவில் தொடங்கி ஐதரசனில் முடியும் அம்பு, இரண்டு காபன்களில் எது ஐதரசனோடு சேர்கிறது என்பதைச் சொல்வதில்லை. இது என் வரைதலின் குறையல்ல, குறியீட்டிலேயே உள்ள குறை. பைப் பிணைப்பு இரண்டு காபன்களுக்கும் பொதுவானது, அம்பின் வால் அந்த நடுவில்தான் நிற்க முடியும். 1870இல் மார்க்கோவ்னிக்கோவ் வெளியிட்ட விதி இங்கேதான் நுழைகிறது: ஐதரசன், ஏற்கெனவே ஐதரசன் கூடுதலாக உள்ள காபனுக்குப் போகிறது. அப்போது நேரேற்றம் நடுக் காபனில் வந்து வழிக் காபோகற்றயன் (நேரேற்றக் காபனோடு இரண்டு காபன்கள் இணைந்தது) கிடைக்கும். இருபக்கத்து அற்கைற் கூட்டங்களும் இலத்திரனைத் தள்ளிக்கொடுப்பதால் அது, ஒரு காபன் மட்டும் இணைந்த முதற் காபோகற்றயனைவிட உறுதியானது. விதியைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைப் படத்தில் எங்கே காண்பது?

முதலில் இரு பாதைகளையும் வரைந்தேன். சரியானதைத் தடித்த கோட்டிலும் மற்றதை மெல்லிய கோட்டிலும் போட்டேன். ரிசோவில் மெல்லிய கோடும் தடித்துவிட்டது. பிள்ளைகள் இரண்டையும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அதை விட்டேன்.

பிறகு அம்பைக் காபனின்மேல் குதித்துப் போவதுபோல் வளைத்தேன். பிணைப்பின் நடுவில் தொடங்கி, முனைக் காபனைத் தொட்டு, அங்கிருந்து ஐதரசனுக்கு. இரசாயனம் கற்பிப்போர் சிலர் இந்த முறையைக் கையாள்கிறார்கள், கருத்தும் சரிதான். ஆனால் பரீட்சை மண்டபத்தில் பேனையால் வரையும்போது அது கோணலாகி இரண்டு அம்புகள் போலாகிவிடுகிறது. மாணவர் கையால் திரும்ப வரைய முடியாத படத்தை நான் டியூட்டில் வைப்பதில்லை.

கடைசியில் உதவியது அம்பல்ல, மூலக்கூறு நிற்கும் இடம். ஐதரசன் புரோமைட்டை முனைக் காபனுக்கு நேர் மேலே, நெருக்கமாக வைத்தேன். முனைக் காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையில் உருவாகப்போகும் பிணைப்பைப் புள்ளிக்கோட்டால் காட்டினேன். அம்பு இரட்டைப் பிணைப்பின் வெளிக்கோட்டில் தொடங்கி முனைக் காபனின் பக்கமாக வளைந்து ஐதரசனில் முடிகிறது. நடுக் காபனுக்கு அருகே எதுவுமில்லை. அங்கே அடுத்த சட்டத்தில் நேரேற்றம் வருகிறது. மூன்று காபன்களுக்கும் 1, 2, 3 என்று சிறிதாக எண்ணிட்டு, எல்லாச் சட்டங்களிலும் அவற்றை ஒரே இடத்தில், ஒரே சாய்வில் வைத்தேன். முன்பு இரண்டாம் படியில் மூலக்கூறைத் திருப்பி வரைந்திருந்தேன். எது மாறியது என்று தேடுவதிலேயே பிள்ளைக்குக் கவனம் போய்விடும். அசையாதது அசையாமல் இருந்தால்தான் அசைந்தது தெரியும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன், செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குப் பயன்படும். அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் சஞ்சிகைகளுக்கான வழமையான அமைப்பில் பிணைப்பின் நீளம் 14.4 புள்ளி, அதாவது ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். கோட்டின் தடிப்பு 0.6 புள்ளி, எழுத்து 10 புள்ளி. கெம்ட்ரோ போன்ற செயலிகளில் இந்த அமைப்பு ஆயத்தமாகவே இருக்கிறது. அது நல்ல தாளில், நல்ல அச்சில், ஒடுங்கிய பத்திக்குள் அடங்குவதற்கானது. எங்கள் ரிசோவில் இரட்டைப் பிணைப்பின் இரண்டு கோடுகளும் ஒட்டிக்கொண்டன. நான் பிணைப்பை 10 மில்லிமீற்றராக்கினேன், கோட்டை 1 புள்ளியாக்கினேன், இரட்டைக் கோடுகளின் இடைவெளியைக் கூட்டினேன். அம்பின் தலையை நிரப்பாமல், இரு மயிர்க் கோடுகளாகத் திறந்து விட்டேன். நிரப்பிய முக்கோணம்தான் முதலில் பொட்டாகிறது. அம்பின் வால் பிணைப்புக் கோட்டைத் தொட்டே தொடங்குகிறது. தலை மட்டும் எழுத்துக்கு 1 மில்லிமீற்றர் முன்னால் நிற்கிறது. எந்த அம்பும் இன்னொரு பிணைப்பைக் கடப்பதில்லை. கடக்க நேர்ந்தால் மூலக்கூறை நகர்த்துகிறேன். ஏற்றக் குறிகளைச் சிறு வட்டத்துக்குள் இட்டேன். இல்லாவிட்டால் நேரேற்றமும், இரு தாக்கிகளுக்கிடையே போடும் கூட்டற் குறியும் ஒன்றுபோலத் தெரியும்.

நிறத்தை முழுவதுமாகக் கைவிட்டேன். கரும்பலகையில் சிவப்பு வெண்கட்டியால் அம்பு போடுவது எனக்குப் பழக்கம். பின்வரிசை வாங்கிலிருந்து பார்த்தேன், சிவப்புத் தெரியவில்லை, மஞ்சள் தெரிந்தது. தாளில் எந்த நிறமும் மிஞ்சுவதில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், எக்ஸ் நிறமூர்த்தத்தோடு வரும் குறை என்பதால், பையன்களிடையேதான் கூடுதலாக இருப்பார்கள். அவர்கள் அதை வெளியே சொல்வதுமில்லை. வால் எது, தலை எது என்பதை நிறமில்லாமலே சொல்ல முடிந்தால் எல்லோருக்கும் அது போய்ச் சேரும்.

அமைப்புகளைக் கெம்ஸ்கெட்ச் செயலியில் வரைந்து, அம்புகளை இங்க்ஸ்கேப்பில் போட்டேன். தனியாள் பாவனைக்கு இரண்டும் இலவசம். எழுத்தை யுனிக்கோட்டுக்கு மாற்றி, கோப்பைப் பீடிஎஃப் ஆகவே அனுப்புகிறேன். பாமினித் தொல்லை அதோடு தீர்ந்தது.

ஒரு சட்டத்தில் ஒரு படி

பலகையில் எழுதும்போது நேரம் என் கையில் இருக்கிறது. முதலில் ஒரு அம்பு, பேச்சு, பிறகு அடுத்தது. தாளில் எல்லாம் ஒரேயடியாகக் கண்ணில் படுகிறது. புரோமோமெதேனையும் 2-புரோமோ-2-மெதைல்புரொப்பேனையும் பக்கம் பக்கமாக வைத்தபோது இது விளங்கியது. முதலாவதில் ஐதரொட்சைட்டின் தனிச்சோடி காபனைத் தாக்கும்போதே புரோமீன் விலகுகிறது. ஒரே படி, இரண்டு அம்புகள், இரண்டும் ஒரே சட்டத்துக்குள். இரண்டாவதில் காபன்–புரோமீன் பிணைப்பு முதலில் முறிகிறது. அது தனிச் சட்டம், ஓர் அம்பு. பிறகு நீரின் தனிச்சோடி வருகிறது, கடைசியில் புரோத்தன் போகிறது. சட்டங்களை எண்ணினாலே படிகளின் எண்ணிக்கை கிடைக்கும்படி அமைத்தேன். முதலாவது வகையை எஸ்என்2 என்றும் இரண்டாவதை எஸ்என்1 என்றும் சொல்வோம். எஸ்என்2 என்றால் இரண்டு படி என்று நினைக்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். அந்த 2, வீதத்தைத் தீர்மானிக்கும் படியில் இரண்டு துணிக்கைகள் பங்கெடுப்பதைச் சொல்கிறது. எஸ்என்2 ஒரே படி, எஸ்என்1தான் பல படி. இதை எழுதி விளங்கப்படுத்தியதைவிட, ஒற்றைச் சட்டத்தைக் காட்டியது கூடுதலாக உதவியது.

அதே படத்தில் வேறொரு பிழையும் இருந்தது. இடமில்லாததால் ஐதரொட்சைட்டைக் காபனுக்கு மேலே வைத்திருந்தேன். புரோமீன் வலப்பக்கம். தாக்கம் நடப்பது விலகும் கூட்டத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து, 180 பாகையில். என் படம் 90 பாகையைக் காட்டியது. இடம் போதாமைக்காக வரைந்த ஒன்றைப் பிள்ளை உண்மை என்றுதானே எடுத்துக்கொள்ளும். இப்போது ஐதரொட்சைட்டு இடப்பக்கம், காபன் நடுவில், புரோமீன் வலப்பக்கம், மூன்றும் ஒரே கோட்டில்.

விளக்கக் குறிப்புகளை முன்பு (அ), (ஆ), (இ) என்று குறியிட்டு மறுபக்கத்தில் பத்தியாக எழுதியிருந்தேன். பிள்ளைகள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதைக் கண்டும் அதன் பொருள் எனக்கு விளங்காமல் இருந்தது. படத்தையும் சொல்லையும் தூரத்தூர வைத்தால் இரண்டையும் இணைப்பதிலேயே மூளையின் பலம் செலவாகிறது என்று கல்வி உளவியலாளர் ஜோன் சுவெல்லரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். குறிப்பை ஒவ்வொரு சட்டத்துக்கும் நேர் கீழே கொண்டுவந்தேன். "காபோகற்றயன்" என்ற ஒரு சொல்லே ஒரு சட்டத்தின் அகலத்தை எடுத்துக்கொள்ளும் மொழி எங்களுடையது, அதனால் சட்டத்துக்கு ஒரு வரிதான் என்று எல்லை போட்டேன்.

தூண்டில்

மெதேனின் குளோரினேற்றம் சுயாதீன மூலிகங்களால், அதாவது சோடியில்லாத தனி இலத்திரன் உள்ள துணிக்கைகளால், நடக்கிறது. ஒவ்வொரு அம்பும் ஓர் இலத்திரனை மட்டும் நகர்த்தும், அதனால் தலைக்கு ஒரு முள்தான். மீன்பிடிக் கிராமமான திருக்கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையே இருக்கவில்லை. "தூண்டில் மாதிரி டீச்சர்" என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆங்கிலத்திலும் இதற்குத் தூண்டில் முள் என்ற பெயர்தான். குளோரீன் மூலக்கூறு ஒளியில் பிளவுபடும்போது பிணைப்பிலிருந்து இரண்டு தூண்டில்கள், ஆளுக்கொரு பக்கம். குளோரீன் மூலிகம் மெதேனிலிருந்து ஐதரசனைப் பறிக்கும் படியில் மூன்று: மூலிகத்தின் தனி இலத்திரன் ஒன்றும், காபன்–ஐதரசன் பிணைப்பின் ஓர் இலத்திரனும் நடுவில் சந்திக்கின்றன, பிணைப்பின் மற்ற இலத்திரன் காபனுக்குத் திரும்புகிறது. சந்திக்கும் இரண்டு முனைகளையும் ஒன்றையொன்று தொடாமல் வரைவதுதான் கடினம். முள்ளை நீட்டமாகப் போடாவிட்டால் பிரதியில் அது முழு அம்பாகிவிடும்.

வாசிக்கக் கொடுத்தது

படம் தெளிவா என்று வரைந்தவரே முடிவெடுக்க முடியாது. இரண்டு சோதனைகள் வைத்துக்கொண்டேன். முதலாவது எளிது: போட்டோக்கொப்பியை மூன்று தடவை, ஒன்றிலிருந்து ஒன்றாக எடுப்பது. மூன்றாவதில் வாலும் தலையும் பிரிந்து தெரிய வேண்டும்.

இரண்டாவது, குறிப்பு எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, அந்தப் பாடத்தை இன்னும் படிக்காத பிள்ளையிடம் கொடுத்து அம்பை வாய்விட்டு வாசிக்கச் சொல்வது. இதற்கு எங்கள் இலக்கணமே கைகொடுத்தது. ஐந்தாம் வேற்றுமையின் பொருள்களில் ஒன்று நீங்கல். அம்பின் வால் நீங்கும் இடம், அதை "இலிருந்து" என்று வாசிக்க வேண்டும். தலை சேரும் இடம், அதற்கு "கு". "பைப் பிணைப்பிலிருந்து ஒரு சோடி ஐதரசனுக்கு. ஐதரசன்–புரோமீன் பிணைப்பிலிருந்து ஒரு சோடி புரோமீனுக்கு." எழுவாய் எப்போதும் சோடிதான். ஐதரசனை எழுவாயாக்க இந்த வாக்கியத்தில் இடமே இல்லை. இலத்திரன்நாடி என்ற சொல் கிளப்பிய குழப்பத்தை இந்த வாசிப்பு பெருமளவு தீர்த்தது என்று நினைக்கிறேன். கிண்ணியா மாணவி இப்போது அம்பு போடுமுன் உதடு அசைப்பதைப் பார்க்கிறேன்.

வாசிப்புத் தவறும் இடத்தில் திருத்த வேண்டியது படத்தை, பிள்ளையை அல்ல. நைத்திரோவேற்றப் படத்தை வாசித்த ஒரு பையன், கடைசிப் படியில் "ஐதரசனிலிருந்து வளையத்துக்கு" என்றான். பார்த்தால் வால் பிணைப்புக் கோட்டின் நடுவில் இல்லாமல் ஐதரசன் எழுத்துக்கு மிக அருகே தொடங்கியிருந்தது. 2 மில்லிமீற்றர் நகர்த்தி அடித்துக் கொடுத்தபின், வேறொரு பையன் "காபன்–ஐதரசன் பிணைப்பிலிருந்து" என்றே வாசித்தான்.

தீராத குறையும் உண்டு. படம் சுத்தமானதும் சிலர் அதை அப்படியே படமாக மனப்பாடம் செய்கிறார்கள். தாக்கியையும் விளைவையும் முதலில் எழுதிவிட்டு, அம்புகளைப் பிறகு அலங்காரம்போலப் போடுகிறார்கள். இது உயர்தரப் பிள்ளைகளின் பலவீனம் மட்டுமல்ல. 2005இல் பட்டாச்சார்யாவும் போட்னரும் அமெரிக்காவில் பட்டப்பின் படிப்பு மாணவர்களை ஆராய்ந்தபோது, அம்புகள் அவர்களுக்கும் விளைவைச் சென்றடையும் வழியாக மட்டுமே இருந்ததைக் கண்டார்கள். அவற்றின் பௌதிகப் பொருள் அவர்களிடம் இருக்கவில்லை. இதற்காக ஒவ்வொரு படத்தையும் மூன்று வடிவில் வைத்திருக்கிறேன். ஒன்று முழுமையானது. ஒன்றில் அம்புகள் இருக்கும், விளைவு இராது. மற்றதில் வால்கள் மட்டும் சிறு புள்ளிகளாக இருக்கும், தலையை மாணவர் போட வேண்டும். இரண்டாவது வடிவம்தான் அதிகம் உதவுகிறது. அம்பை வாசித்துத்தான் விளைவுக்குப் போக முடியும், விளைவிலிருந்து பின்னோக்கி வர வழியில்லை.

மிச்சம்

அல்டோல் ஒடுக்கத் தாக்கத்தின் படம் இன்னும் முடியவில்லை. காரத்தால் புரோத்தன் நீங்கிய எதனலின் அயனில் மறையேற்றத்தைக் காபனிலும் காட்டலாம், ஒட்சிசனிலும் காட்டலாம். இரண்டும் பரிவுக் கட்டமைப்புகள், ஒரே அயனை எழுதும் இரு வழிகள். காபனில் காட்டினால் தாக்கும் அம்பு ஒரு தனிச்சோடியிலிருந்து ஒரே வளைவில் போய்விடும், பரீட்சையில் வரையவும் எளிது. ஒட்சிசனில் காட்டினால் ஏற்றத்தின் பெரும்பங்கு எங்கே இருக்கிறது என்பதற்கு நியாயம் செய்கிறோம். ஆனால் வால் ஒட்சிசனின் தனிச்சோடியில் தொடங்கி, காபன்–காபன் இரட்டைப் பிணைப்பில் இன்னொரு வால் தொடங்கி, படம் நெருக்கமாகிறது. இரண்டையும் வரைந்து வைத்திருக்கிறேன். ஒட்சிசனில் ஏற்றம் உள்ள படத்தில் முதல் அம்பு இரட்டைப் பிணைப்பைக் கடக்கிறது, அதனால் மூலக்கூறைப் புரட்டி வரைய வேண்டும். வருகிற சனிக்கிழமை இரண்டையும் 2ஆம் வருடப் பிள்ளைகளிடம் குறிப்பு மறைத்துக் கொடுக்கப்போகிறேன். எதை "இலிருந்து", "கு" பிசகாமல் வாசிக்கிறார்களோ அது ரிசோவுக்குப் போகும்.